சின்ன விரல் விறைத்த சனிக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை சிட்னியின் கெல்லிவில்லில் இருந்து ஒரு தகப்பன் தொலைபேசி எடுத்தார். எனக்கு அவரைத் தெரியாது. மெல்பேர்ணில், ரோவிலில் எங்கள் தெருவில் இருக்கும் யாரோ என் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

"மேடம், எங்க பையனுக்குப் பதினஞ்சு வயசு. ஃபாஸ்ட் பௌலிங் போடறான். ஒரு நாளைக்கு இத்தனை பந்துக்கு மேல போடாதேன்னு கோச் சொல்றார். நாங்க கொஞ்சம் கூடப் போட வைக்கலாமா? சும்மா ஒரு நம்பர் சொன்னாப் போதும்."

"இப்ப அவருக்கு எங்கையாவது நோகுதா?"

"முதுகு லேசா வலிக்குதுன்னான். வளர்ற வயசு, அதுதானே மேடம்?"

நோவென்றால் பந்தை வாங்கி வைத்துவிட்டு வைத்தியரிடம் காட்டச் சொன்னேன். "ஆமா, ஆமா, கண்டிப்பா" என்றார். பிறகு ஒரு மூச்சு விட்டுவிட்டு, "அந்த நம்பர் மட்டும்..." என்று இழுத்தார்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. அந்த மனிதர் நல்லவர்தான். ஆனால் பதினெட்டுக் கோடைகாலம் இதே கேள்வியை வேறுவேறு வாய்களில் கேட்டுவிட்டேன். நான் முன்பு பிசியோவாக வேலை செய்த பேஸ்போல் கழகத்தில் இப்போது இருக்கும் இளம் பிசியோக்கள், போன மாதம் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். பந்து வீசுகிறவனின் முழங்கையில் ஒரு உறை மாட்டுகிறார்கள். உறைக்குள் இருக்கும் சில்லு ஒவ்வொரு வீச்சையும் எண்ணி, கைபேசியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டுகிறது. "பச்சை காட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் முழங்கை நாரைக் கிழித்துக்கொண்டார்கள். உங்கள் அனுபவத்தில் எந்த எண்ணில் நிறுத்தலாம்?" என்று ஒருத்தி கேட்டாள். எழுந்து வீட்டுக்கு வந்துவிடலாமா என்று இருந்தது.

எண் என்னிடம் இல்லை. எனக்கு நடந்ததை எழுதுகிறேன். இனிமேல் தொலைபேசி எடுக்கிறவர்கள் முதலில் இதை வாசித்துவிட்டு எடுக்கட்டும்.

நான் பிசியோதெரபி படித்தது கொழும்பில். மெல்பேர்ணுக்கு வந்து இங்குள்ள பரீட்சையை இரண்டாம் தடவையில் பாஸ் பண்ணினேன். பிறகு ஒன்பது வருடம் ஆஸ்பத்திரி ஒன்றில், புது முழங்கால் வைத்தவர்களைப் படி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த ஒருவர், கோடைகால வார இறுதிகளில் ஒரு பேஸ்போல் கழகத்துக்கு ஆள் தேவை என்றார். கிரிக்கெட்டின் ஒன்றுவிட்ட தம்பி என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் நாளே அந்த நினைப்புப் போய்விட்டது.

கிரிக்கெட்டில் பந்து போடுகிறவன் கையை நீட்டிச் சுழற்றுகிறான். அவனுக்கு உடைவது முதுகு. பேஸ்போலில் வீசுகிறவன் மண்மேடு ஒன்றில் நின்று, முழங்கையை மடக்கி, சவுக்கை வீசுவதுபோல் வீசுகிறான். அந்த வேகம் முழுவதையும் முழங்கையின் உட்பக்கத்தில், எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் ஒரு சிறிய நார் தாங்குகிறது. உங்கள் சின்ன விரலைவிடச் சிறியது. வீச்சாளர்களிலும் ஆட்டத்தைத் தொடங்குகிறவனுக்குத்தான் அதிக பாடு. மற்றவர்கள் வந்து ஒரு இன்னிங்ஸ், அதாவது எதிரணியில் மூன்று பேர் வெளியேறும் வரை, வீசிவிட்டுப் போவார்கள். அவன் ஐந்து, ஆறு இன்னிங்ஸ் நிற்க வேண்டும். ஒரு வாரம் ஆறிவிட்டு மறுபடியும் அதே. இதைப் பத்தொன்பது வயதில், முழு வேகத்தில், பார்க்கிறவர்கள் வாய் பிளக்கும்படி செய்ய வேண்டும்.

என் முதல் வருடத்தில் ஒரு அமெரிக்கப் பையன் வந்தான். அங்கே அவர்களுக்குக் குளிர்காலம். அவனுடைய கழகம் எங்களிடம் அனுப்பிவைத்திருந்தது. கூடவே ஒரு கடிதம்: ஓர் ஆட்டத்தில் அறுபது வீச்சு, அதற்குமேல் ஒன்றுகூட வேண்டாம். நான் கையில் அழுத்தி எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு வேதம்போல எண்ணினேன். அறுபது என்றால் அறுபதுதான். ஆறாவது வாரம், முப்பத்திரண்டாவது வீச்சில் நார் கிழிந்தது. மேட்டில் முழந்தாளிட்டு இருந்தவனைத் தூக்கி வந்தோம். எல்லோரும் என்னிடம் கேட்டது, "எண்ணிக்கை சரிதானே?"

சரிதான். ஆனால் ஆட்டத்துக்கு முன் உடம்பு சூடாக வீசியதை ஒருவரும் எண்ணவில்லை. ஒவ்வொரு இன்னிங்ஸ் தொடக்கத்திலும் ஒத்திகையாக வீசும் எட்டை எண்ணவில்லை. புதன்கிழமை பயிற்சியில் வேகம் காட்ட வீசியதை எண்ணவில்லை. அந்தக் கடிதத்தில் அதெல்லாம் இல்லை. கைக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு நான் இரண்டு கருவி வைத்துக்கொண்டேன். ஒன்று ஆட்டத்துக்கு, மற்றது மீதி எல்லாவற்றுக்கும். வாஸ் தும்மலையும் எண்ணுவாள் என்று கழகத்தில் சிரிப்பார்கள். வசந்தி என்ற பெயர் அவர்கள் வாயில் அப்படித்தான் சுருங்கியிருந்தது.

என் தலைவர் ரொஸ். வீரர்களின் உடம்புக்குப் பொறுப்பானவர். அறுபதை நெருங்கிய மெலிந்த மனிதர். அவர் ஒரு முழங்கையைப் பார்க்கிற அழகைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் சுடுநீர்க் குழாயின் கீழ் இரண்டு கைகளையும் பிடிப்பார். துவாயில் துடைத்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பார். குளிர்ந்த கை பட்டால் தசை இறுகிவிடும், இறுகின தசை பொய் சொல்லும் என்பார். பிறகு வீசாத கையைத்தான் முதலில் எடுப்பார். அதை நீட்டி, மடக்கி, தோளை உள்ளேயும் வெளியேயும் திருப்பி, கோணமானியால் அளந்து, எனக்கு இலக்கங்களைச் சொல்வார். நான் எழுதுவேன். அதற்குப் பிறகுதான் வீசும் கை. முழங்கையைச் சற்று மடித்து, மேற்கையை ஒரு கையால் அணைத்துப் பிடித்து, முன்கையை மெல்ல வெளிப்பக்கம் தள்ளி, மூட்டு வாய் திறக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கடைசியில் பிடிவலிமை அளக்கும் கருவி. மூன்று தடவை இடது, மூன்று தடவை வலது. இதற்குள் இலக்கங்களைத் தவிர ஒரு வார்த்தை பேச மாட்டார். அவரிடம் நான் கற்றது நான்கு வருடப் படிப்பைவிட அதிகம் என்று சொன்னால் மிகையாகாது.

கதவைத் திறந்து வெளியே வந்தால் அதே மனிதர் வேறு ஆள். "காயம்" என்ற சொல் அவர் வாயில் வராது. "கொஞ்சம் இறுக்கம்." மிஞ்சினால், "கொஞ்சம் முணுமுணுக்கிறது." அணியின் மனேஜர் டேவ் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்: "போடுவானா?" ரொஸ் தோளைக் குலுக்குவார். அந்தக் குலுக்கலை டேவ் ஒவ்வொரு தடவையும் "ஓம்" என்று எடுத்துக்கொள்வார். அப்படித்தான் எடுத்துக்கொள்வார் என்று ரொஸ்ஸுக்கும் தெரியும். எத்தனை தரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பேன்!

கஜன் எங்கள் கழகத்துக்கு வந்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது. பெயர்ப்பட்டியலில் அவனுடைய தகப்பன் பெயரைக் கண்டதும் எனக்கு ஒரு சந்தோஷம். "தம்பி, நீங்கள் எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டேன். "வெரிபீ" என்று மெல்பேர்ணின் ஒரு புறநகரை ஆங்கிலத்தில் சொன்னான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் மற்றவர்கள் எல்லோரும் வாஸ் என்று கூப்பிட, அவன் மட்டும் என்னை அன்ரி என்றான்.

பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் விளையாடும்போது எல்லைக்கோட்டில் இருந்து அவன் பந்தை எறிந்ததை ஒரு விளையாட்டு ஆசிரியர் பார்த்திருக்கிறார். இடதுகைக்காரன். பத்தொன்பது வயதில் மணிக்குத் தொண்ணூற்றிரண்டு மைல் வேகத்தில் வீசினான். அந்த வயதில், இடது கையில், அந்த வேகம் இருந்தால் அமெரிக்காவில் இருந்து ஆள் வரும்.

அவனுடைய தகப்பன் யோகன் படகில் வந்தவர். மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு வந்து, தற்காலிக விசாவில் வருடக்கணக்காகக் கிடந்தார். நிரந்தர விசா கிடைத்து அவர்களைக் கூப்பிட்டு எடுத்தபோது கஜனுக்கு எட்டு வயது. விமான நிலையத்தில் பிள்ளை தாயின் பின்னால் ஒளிந்துகொண்டானாம். "அவனுக்கு என்னைத் தெரியாது அக்கா. போட்டோவிலை பாத்த முகம்தானே" என்று ஒருநாள் யோகன் என்னிடம் சொன்னார். மரக்கறி வைக்கும் குளிர்களஞ்சியம் ஒன்றில் அவருக்கு வேலை. ஷிப்ட் மாற்றி மாற்றி, மகனின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வருவார். வீட்டில் அதிகம் பேசாத தகப்பனும் மகனும், ஆட்டம் முடிந்து வெரிபீ வரைக்கும் காரில் போகிற அந்த நேரம் மட்டும் கதைப்பார்களாம். தாய் சொன்னது.

அமெரிக்கக் கழகம் ஒன்றில் இருந்து இரண்டு பேர் அவனுடைய வீச்சைப் பார்க்கச் சனிக்கிழமை வரப்போகிறார்கள் என்ற செய்தி இரண்டு வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது. அந்த இரண்டு வாரமும் நான் கஜனைக் கவனித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ப் போத்தலின் மூடியை வலது கையால் திறந்தான். கைபேசியில் வலது பெருவிரலால் தட்டினான். இடதுகைக்காரன் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? வியாழக்கிழமை கேட்டேன்.

"கஜன், கை எப்பிடி இருக்கு?"

"ஐ ஆம் ஃபைன், அன்ரி."

"போத்தலை ஏன் மற்றக் கையாலை திறக்கிறீர்?"

சிரித்தான். "ரியலி, ஐ ஆம் ஃபைன்."

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் ரொஸ் அவனைப் பார்த்தார். நான் எழுதினேன். பிடிவலிமையில் எப்போதும் இடது கைதான் முன்னுக்கு நிற்கும். அன்று வலது முந்தியது. மூன்று தடவையும். ரொஸ் முழங்கையை மடித்து முன்கையை வெளிப்பக்கம் தள்ளியபோது நான் கஜனின் முகத்தைப் பார்த்தேன். ஒரு சிறு அசைவும் இல்லை. காலைப் பார்த்தேன். காலுறைக்குள் பெருவிரல் இறுக மடங்கியிருந்தது.

வெளியே வந்து, "இன்றைக்கு வேண்டாம்" என்று ரொஸ்ஸிடம் சொன்னேன்.

"முகத்தில் ஒன்றும் இல்லையே."

"கால்விரலைப் பார்க்கவில்லையா?"

"கால்விரலை வைத்து நான் டேவிடம் என்ன சொல்ல?"

டேவ் வந்தார். "போடுவானா?"

"கொஞ்சம் இறுக்கம்" என்றார் ரொஸ். தோளைக் குலுக்கினார்.

"சரி. எழுபதோடு நிறுத்தலாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "டேவ், அவனுடைய பிடி குறைந்திருக்கிறது. இன்றைக்கு விடாதீர்கள்" என்றேன். டேவ் கத்துகிற மனிதர் அல்ல. மிகப் பொறுமையாக எனக்கு விளங்கப்படுத்தினார். அதுதான் இன்னும் மோசம். "வாஸ், பையன் போடுகிறேன் என்கிறான். அப்பா வந்திருக்கிறார். பாதி உலகம் தாண்டி இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ரொஸ் மறுக்கவில்லை. நீ ஒருத்திதான் வேண்டாம் என்கிறாய்."

முதல் இன்னிங்ஸ் பதின்மூன்று வீச்சு. மூன்று பேரும் வெளியே. வலைக்குப் பின்னால் நின்ற அமெரிக்கர்களின் வேகமானியில் தொண்ணூற்றுமூன்று. யோகன் வலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். உட்காரும்படி யாரோ சொன்னது அவர் காதில் விழவில்லை. இரண்டாவது இன்னிங்ஸ் பத்தொன்பது. வேகம் தொண்ணூறு. மூன்றாவதில் பந்து உயரத் தொடங்கியது. நெஞ்சளவில் போக வேண்டியது தலையளவில் போனது. நாற்பதாவது வீச்சுக்குப் பிறகு, கையில் ஈரம் பட்டதுபோல விரல்களை உதறினான். நாற்பத்தோராவது பந்து பிடிப்பவனுக்கு எட்டாமல் எங்கோ போய் விழுந்தது. எண்பத்தாறு மைல்.

"டேவ், வாருங்கள்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீரனுக்கு ஏதும் ஆனதோ என்று பார்க்க மனேஜரோடு நாங்கள் மேட்டுக்குப் போகலாம். முடிவு மனேஜருடையது.

மேட்டில் நாங்கள் நான்கு பேர். டேவ், பந்து பிடிக்கும் பையன், கஜன், நான்.

"எப்படி, காஸ்?" என்று கஜனைக் கேட்டார் டேவ்.

"ஆல் குட். பந்து வழுக்கிவிட்டது."

டேவ் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும், இதோடு திரும்பி நடக்கப்போகிறார். அப்போதுதான் நான் தமிழில் கேட்டேன். யோசித்துக் கேட்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

"கஜன், என்னைப் பாருங்கோ. நோகுதா?"

அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான். பிறகு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, என்னோடு தமிழில் பேசினான். எட்டு வயதுவரை ஊரில் பேசிய தமிழ், கலப்பில்லாமல் இருந்தது.

"ஓம் அன்ரி. சின்ன விரல் விறைச்சுப் போச்சு. ரெண்டு கிழமையா நோகுது. இவைக்குச் சொல்லாதேங்கோ. அப்பா நிக்கிறார்."

"என்ன சொல்கிறான்?" என்றார் டேவ்.

நடுவர் எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். எனக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். இப்போது, வேறு வழி இருந்ததா, அவனையே சொல்ல வைத்திருக்கலாமா என்றெல்லாம் யோசிக்கிறேன். அன்று யோசிக்கவில்லை.

"சின்ன விரலில் உணர்ச்சி இல்லை. இரண்டு வாரமாக நோகிறதாம். இதற்குமேல் போட முடியாது" என்றேன்.

டேவ் கையை நீட்டினார். கஜன் பந்தை அவர் கையில் வைத்தான். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றான்.

"தமிழிலைதானே கேட்டனீங்கள்" என்றான்.

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அமெரிக்கர்கள் இருவரும் வேகமானியைப் பைக்குள் வைத்துவிட்டு, அடுத்த இன்னிங்ஸ் முடிவதற்கு முன் போய்விட்டார்கள். ஆட்டம் முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் யோகன் எனக்காகக் காத்திருந்தார்.

"அக்கா, அவன் உங்களை எங்கட ஆள் எண்டு நம்பிச் சொன்னவன்."

"யோகன், நார் அறுந்திருந்தால் ஒபரேசன். வருசக்கணக்கிலை போடேலாது."

"அறுந்ததோ? சொல்லுங்கோ, அறுந்ததோ?"

"இன்னும் தெரியாது. ஸ்கான் எடுத்தால்தான்..."

"தெரியாமலே நிப்பாட்டிப் போட்டீங்கள். அவை திருப்பி வருவினமோ? என்ரை பிள்ளைக்கு நான் குடுக்க வேறை என்ன இருக்கு?" என்றார். அவருடைய மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கஜன் காருக்குள் இருந்தான். அன்று அந்தக் காரில் அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஸ்கானில் நார் பாதி கிழிந்திருந்தது. முழுக்க அறவில்லை. இன்னும் பத்து வீச்சில் அறுந்திருக்குமா, நூறில் அறுந்திருக்குமா, யாருக்குத் தெரியும்.

அதே வாரம், ரொஸ்ஸின் குறிப்புப் புத்தகத்தில் ஓர் இலக்கம் தேடினேன். அந்த ஆட்டத்துக்கு முந்திய வாரச் சனிக்கிழமைப் பக்கத்தில் கஜன் பெயருக்கு எதிரே, அவருடைய கையெழுத்தில், 'இடது பிடி குறைவு' என்று இருந்தது. நான் அன்று விடுப்பில் இருந்தேன். புத்தகத்தை அவர் முன்னால் வைத்தேன். இருபத்தைந்து நிமிடம் சண்டை பிடித்தோம். சண்டை பிடித்தது நான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் சொன்னார்: "வாஸ், நான் 'வேண்டாம்' என்று சொல்லத் தொடங்கினால் அடுத்த நாளே இந்தக் கட்டிலில் ஒருவனும் ஏற மாட்டான். என்னிடம் காட்டுகிறார்களே, அந்த அளவாவது மிஞ்சட்டும்."

எனக்கு அந்தப் பதிலைக் கேட்டு உடம்பெல்லாம் எரிந்தது. பார்த்துவிட்டுச் சும்மா இருப்பதற்கு எதற்குப் பார்க்க வேண்டும்? ஆனால் அந்தப் பருவம் முடியும்வரை ஒரு வீச்சாளன்கூட என்னிடம் வாய் திறந்து "நோகிறது" என்று சொல்லவில்லை. கேட்டால் எல்லோரும் "ஃபைன், வாஸ்" என்றார்கள். ரொஸ்ஸிடம் மட்டும் போனார்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. பாதியாவது பிழையென்று இன்றும் சொல்வேன்.

கஜனின் கையைச் சுகப்படுத்தும் வேலை என்னிடம்தான் வந்தது. கழகத்தில் வேறு ஆள் இல்லை. முதல் ஆறு வாரம் பந்தைத் தொடவே கூடாது. பிறகு பதினைந்து மீற்றர் தூரத்தில், வாரத்துக்கு மூன்று நாள், இருபத்தைந்து எறிதல். நோவு இல்லையென்றால் இருபது மீற்றர். வெரிபீயில் இருந்து தாய் காரில் கூட்டிக்கொண்டு வருவார். ஒன்றேகால் மணித்தியாலம் வரவேண்டும், அதேயளவு போகவேண்டும். நான் எதிரே நின்று பந்தைப் பிடிப்பேன். சொன்ன நேரத்துக்கு அவன் வருவான், சொன்னதைச் செய்வான், போகும்போது "தாங்ஸ்" என்பான். அன்ரி என்ற சொல் நின்றுவிட்டது. ஐந்து மாதம் அப்படித்தான் போனது.

அடுத்த கோடையில் திரும்ப வீசினான். வேறொரு அமெரிக்கக் கழகம் ஒப்பந்தம் செய்தது. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று அவனிடம் சொல்லவில்லை. சொல்கிற உறவு இருக்கவில்லை. கையோடு அனுப்பப் பத்துப் பக்கத்தில் அறிக்கை எழுதினேன்: என்ன நடந்தது, எதைக் கவனிக்க வேண்டும், எல்லா எறிதலையும் எண்ண வேண்டும். அதை அங்கே யாராவது திறந்து பார்த்தார்களா என்று தெரியாது. அங்கே அவர்களுக்குத் தொண்ணூற்றிரண்டு போதவில்லை. பாரமான பந்துகளை எறிய வைத்து, உடம்பை ஏற்றி, தொண்ணூற்றாறாக்கினார்கள். எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். இரண்டாவது வருடம் நார் முழுவதாக அறுந்தது. முன்கையில் இருந்து ஒரு தசைநாண் துண்டு எடுத்து, எலும்பில் துளை போட்டுக் கட்டினார்கள். ஒன்றரை வருடத்தில் மறுபடி வீசினான். தொண்ணூறு வந்தது. ஒப்பந்தம் முடிந்தபோது நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதைக் கேள்விப்பட்ட நாளில் நான் வீட்டுக் குசினியில் நின்று, கையில் இருந்த கரண்டியை எறிந்தேன். ஐந்து மாதம் பதினைந்து மீற்றர், இருபது மீற்றர் என்று அளந்து அளந்து கட்டியதை, எங்கேயோ யாரோ நான்கு மைலுக்காக அறுத்துவிட்டார்கள். யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

போன வருடம் கஜன் என் வீட்டுக்கு வந்தான். முன்பே சொல்லாமல் வந்து கதவைத் தட்டினான். நான் ஓய்வு பெற்றுவிட்டதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆள் அகன்றிருந்தான். தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு, கதிரையின் நுனியில் இருந்தான்.

"அன்ரி, ஒண்டு கேக்க வேணும். அண்டைக்கு நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?"

"தெரியாது."

"அண்டைக்கே அறுந்திருக்குமோ?"

"தெரியாது கஜன். அறுந்திருக்கலாம். அறாமல் எழுபதும் போட்டு, அவையள் உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கவும் கூடும். உண்மையாத் தெரியாது."

அவன் தலையாட்டினான். "அங்கை எல்லாரும் தெரியும் எண்டுதான் சொன்னவை" என்றான்.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். நிறுத்தியதற்கு அல்ல. தமிழில் கேட்டு வாங்கி ஆங்கிலத்தில் சொன்னதற்கு. "உங்களிட்டை, இப்ப நான் சொல்லப்போறன் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேணும்" என்றேன். "பரவாயில்லை அன்ரி" என்றான். பரவாயில்லாமல் போய்விட்டதா, மரியாதைக்குச் சொன்னானா, நான் துருவவில்லை. இந்தக் கோடையில் நம் பழைய கழகத்திலேயே மறுபடி தொடக்க வீச்சாளனாக வீசப்போவதாகச் சொல்லி, "போயிட்டு வாறன்" என்று எழுந்தான்.

இந்தத் தை மாதம் ஒரு சனிக்கிழமை மைதானத்துக்குப் போனேன், டிக்கெட் எடுத்துக்கொண்டு. யோகன் வலைக்குப் பின்னால் இருந்தார். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் பக்கத்துக் கதிரையில் இருந்த தன் பையை எடுத்துக் காலடியில் வைத்தார். நான் உட்கார்ந்தேன். இருவரும் பழையதைப் பேசவில்லை.

கஜன் அன்று எண்பத்தெட்டுக்கு மேல் ஒரு பந்தும் வீசவில்லை. வீசியது போதுமாக இருந்தது. அடிக்க வந்தவர்கள் வேகத்துக்குக் காத்திருந்து ஏமாந்தார்கள். ஆறு இன்னிங்ஸ், ஓர் ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. இப்போதைய மனேஜர் ஏழாவது இன்னிங்ஸ் தொடங்குவதற்கு முன் கஜனின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். கஜன் மறுபேச்சு இல்லாமல் கையுறையைக் கழற்றினான். வேறொருவன் வீசுவதற்கு எழுந்தான்.

"ஏன் நிப்பாட்டுறாங்கள்?" யோகன் எழுந்தேவிட்டார். "அவனுக்கு ஒண்டுமில்லை. நல்லாத்தானே போடுறான். அக்கா, சொல்லுங்கோ, இன்னும் ஒண்டு போடலாம்தானே?"

வலையின் ஊடாகப் பார்த்தேன். கஜனின் முகம் தெளிவாக இருந்தது. கை இலேசாகத் தொங்கியது. ஆறு இன்னிங்ஸாக ஒரு தடவைகூட விரலை உதறவில்லை. அப்படி ஓர் ஆட்டத்தை அவன் இதுவரை வீசியதில்லை. எனக்குத் தொண்டைக்குள் வந்து நின்றது: ஓம், இன்னும் ஒன்று போடலாம்.

பதினெட்டுக் கோடைகாலம் இந்த ஒரு வார்த்தையோடு சண்டை பிடித்த எனக்கே அப்படி இருந்தால், மற்றவர்களை என்ன சொல்ல?

"இருங்கோ யோகன்" என்றேன். அவர் உட்காரவில்லை. நானும் அவர் பக்கத்தில் எழுந்து நின்றேன்.